பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து

கடந்த வருடம் உயர்தர உயிரியல் வகுப்பில் தாவர மாதிரிகள் சேகரிக்கும் வேலையொன்று எங்களுக்குத் தரப்பட்டது. வீட்டுச் சுற்றாடலில் நிற்கும் பத்துச் செடிகளை எடுத்து, பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்திக் காயவிட்டு, அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும். எனக்குத் துணைக்கு வந்தவர் உம்மும்மா. கிணற்றடியில் நின்ற ஆடாதோடையிலே ஒரு கொப்பை முறித்துத் தந்தார். இருமல் வந்தபோதெல்லாம் இதன் இலையை அவித்துக் கொடுத்துத்தான் என் உம்மாவை வளர்த்ததாகச் சொன்னார். ஆடு தொடாத செடி என்பதால் வந்த பெயர் அது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அட்டையின் கீழே விஞ்ஞானப் பெயரை எழுதினேன்: ஜஸ்டீசியா அடத்தோடா எல். எழுதி முடித்த பிறகுதான் திடுக்கிட்டேன். இலத்தீன் என்று நினைத்து நான் மனனம் செய்த சொல்லுக்குள் எங்கள் ஆடாதோடை அப்படியே நின்றது. உம்மும்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கடைசியில் தனியே நிற்கும் அந்த எழுத்து யாருடையது என்று கேட்டார். லின்னேயஸ் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் அவருக்கு அரைப் பக்கமும் ஒரு படமும்தான். பிறகு நூலகத்தில் தேடி வாசித்ததை மாலை நேரங்களில் உம்மும்மாவுக்குச் சொன்னேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

கார்ல் லின்னேயஸ் 1707 மே 23ஆம் திகதி சுவீடனின் தென்பகுதியில், ஸ்மோலாண்ட் பிரதேசத்தின் ரோஸ்ஹுல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். எங்களைப் போலத் தகப்பனின் பெயரைச் சேர்த்தே அங்கும் ஆட்களை அழைத்தார்கள். குடும்பப் பெயர் சாதாரண மக்களுக்கு இல்லை. அவருடைய தந்தை நில்ஸ் பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது பதிவேட்டுக்கு ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. தங்கள் நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரமொன்றை நினைத்து லின்னேயஸ் என்று எழுதிக்கொண்டார். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்தவரின் பெயர் ஒரு மரத்திடமிருந்து கடன் வாங்கியது.

நில்ஸ் ஒரு கிறிஸ்தவ மதகுரு. தோட்டம் என்றால் அவருக்கு உயிர். குழந்தை அழுதால் கையில் ஒரு பூவைக் கொடுத்தால் போதும், அடங்கிவிடுமாம். மகனும் குருவாக வேண்டுமென்பது வீட்டாரின் ஆசை. ஆனால் வெக்ஹோ நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பையன் பாடத்தை விட்டுவிட்டு வயல்வெளியில் திரிந்தான். படிப்புக்கு இவன் சரிவரமாட்டான் என்று ஆசிரியர்கள் சொல்ல, கைத்தொழில் ஏதாவது பழக்கிவிடலாம் என்று தகப்பன் யோசித்தார். அந்த வேளையில் குறுக்கே வந்தவர் ரொத்மன் என்ற வைத்தியர். குருவாகாவிட்டால் என்ன, வைத்தியனாகலாமே என்று தகப்பனைச் சமாதானப்படுத்தித் தன் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அக்காலத்தில் வைத்தியம் படிப்பதென்றால் பாதி தாவரவியல் படிப்பதுதான். மருந்துகளில் பெரும்பாலானவை செடிகளிலிருந்தே வந்தன. ரொத்மன் வந்திராவிட்டால் ஒருவேளை ஸ்மோலாண்டில் இன்னொரு சப்பாத்துத் தைப்பவர் இருந்திருப்பார்.

1727இல் லுண்ட் பல்கலைக்கழகம், அடுத்த வருடம் உப்சாலா பல்கலைக்கழகம். உப்சாலாவில் கையில் காசில்லை. சப்பாத்தின் அடி ஓட்டையானபோது உள்ளே கடதாசி மடித்து வைத்து நடந்தார். பல்கலைக்கழகத் தோட்டத்தில் அவர் பூக்களைக் குறித்துக்கொண்டிருந்ததைக் கண்ட செல்சியஸ் என்ற முதிய பேராசிரியர் பேச்சுக் கொடுத்துப் பார்த்து வியந்து, தன் வீட்டில் தங்க இடமும் உணவும் கொடுத்தார். (வெப்பமானிக்குப் பெயர் தந்த செல்சியஸ் வேறொருவர், இவருடைய உறவினர்.) 1730இல், தானே இன்னும் மாணவனாக இருக்கும்போதே, தோட்டத்தில் மற்ற மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். அப்போது வயது 23.

1732இல் உப்சாலாவின் விஞ்ஞானச் சங்கம் அவரை லாப்லாந்துக்கு அனுப்பியது. குதிரையிலும் படகிலும் கால்நடையாகவும் ஐந்து மாதங்கள். பல செடிகளை அவர் அங்கே கண்டார். ஆனால் என் மனதில் நின்றது டோர்னியோ என்ற ஊரில் நடந்தது. அங்கே ஒவ்வொரு வசந்த காலத்திலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. ஏதோ தொற்றுநோய் என்று மக்கள் பயந்தார்கள். லின்னேயஸ் நோயைத் தேடி மாட்டிடம் போகவில்லை. மாடு மேயும் இடத்துக்குப் போனார். பனிக்காலம் முழுவதும் தொழுவத்தில் அடைபட்டுக் கிடந்த மாடுகளை முதலில் அவிழ்த்துவிடும் புல்வெளி எது என்று விசாரித்து, அதன் சதுப்பான ஓரங்களில் நடந்து பார்த்தார். நீரோரத்தில் கொடிய நஞ்சுச் செடியொன்று செழித்து வளர்ந்திருந்தது. பசியோடு வந்த மாடுகள் வாசனை பார்க்காமல் அதை மேய்ந்தன, இறந்தன. செடியைப் பிடுங்கிவிடுங்கள் என்று ஆலோசனை சொன்னார். நோயும் நிலமும் செடியும் விலங்கும் ஒரே கேள்வியின் பகுதிகள் என்று 25 வயது இளைஞருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் சூழலியல் என்று தனிப்பாடமாகப் படிப்பதற்கு அன்று பெயரே இருக்கவில்லை.

வைத்தியப் பட்டம் பெற அக்காலச் சுவீடிய மாணவர்கள் ஒல்லாந்துக்குப் போவது வழக்கம். லின்னேயஸும் 1735இல் போனார். ஹார்டர்வைக் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் சில நாட்களுக்குள் பட்டம் கிடைத்துவிட்டது. (இன்றைக்கு இதைக் கேட்டால் எங்கள் அக்காமார் அழுவார்கள்.) அவருடைய ஆய்வு விட்டுவிட்டு வரும் காய்ச்சலைப் பற்றியது, அதாவது மலேரியா. களிமண் நிலத்து நீரைக் குடிப்பதால் அதிலுள்ள நுண்ணிய களித்துகள்கள் இரத்தத்தில் தங்கிக் காய்ச்சலை உண்டாக்குகின்றன என்று அவர் முடிவு செய்தார். அது பிழை. ஆனாலும் காய்ச்சல் எந்த நிலத்தில் அதிகம் என்று பார்த்தாரே, அந்தப் பார்வை பிழையில்லை. சதுப்பு நிலத்தில் நுளம்பு இருந்தது. அவர் மண்ணைப் பார்த்தார், நுளம்பைப் பார்க்கவில்லை.

அதே வருடம் லெய்டன் நகரில் சிஸ்டமா நெச்சுரே வெளிவந்தது. பெரிய தாளில் பதினொரு பன்னிரண்டு பக்கம்தான். கல், செடி, விலங்கு மூன்றையும் வகுப்பு, வருணம், சாதி, இனம் என்று அட்டவணை போட்டிருந்தார். பூவிலுள்ள கேசரங்களை எண்ணிச் செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்தார். இயற்கையான உறவுமுறை அதில் தெரியாது என்று அவருக்கே தெரியும். ஆனால் எண்ணத் தெரிந்த யாரும் ஒரு செடியை இனங்காண முடிந்தது. சீகஸ்பெக் என்பவர் இம்முறையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். சிறிய பூவோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு களைச் செடிக்கு அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. லின்னேயஸுக்குப் பெருந்தன்மை குறைவு என்பது என் எண்ணம்.

ஒல்லாந்தில்தான் அவர் முதன்முதலாக எங்கள் நாட்டைச் சந்தித்தார். அம்ஸ்டர்டாமில் பேராசிரியர் பர்மன் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார். லின்னேயஸ் அவர் வீட்டில் தங்கி அந்த வேலைக்கு உதவினார். பின்னர் கிளிபர்ட் என்ற செல்வந்தர் தன் தோட்டத்தைக் கவனிக்க லின்னேயஸைக் கேட்டபோது, பர்மன் ஆசைப்பட்ட அரிய புத்தகமொன்றைக் கொடுத்து அவரை அழைத்துப் போனாராம்.

1738இல் நாடு திரும்பினார். ஸ்டொக்ஹோமில் வைத்தியராகத் தொழில் செய்தார். 1739இல் சாரா எலிசபெத் மொரேயாவை மணந்தார். அதே வருடம் தொடங்கிய சுவீடிய விஞ்ஞானக் கழகத்தின் முதல் தலைவரானார். 1741இல் உப்சாலாவில் வைத்தியப் பேராசிரியர். சப்பாத்துக்குள் கடதாசி வைத்து நடந்த அதே ஊர்.

அவருக்குக் கீழே 186 ஆய்வுரைகள் வெளிவந்தன. பெரும்பாலானவற்றை அவரே எழுத அல்லது சொல்ல, மாணவர்கள் இலத்தீனில் வாதாடிப் பட்டம் பெற்றார்கள். தலைப்புகளைப் பார்த்தால் எங்கள் நாளையப் பல்கலைக்கழகத்தில் மூன்று பீடங்களுக்குப் போதும். பிள்ளைக்குத் தாய்தான் பாலூட்ட வேண்டும், கூலிக்குச் செவிலித்தாயை வைக்கக்கூடாது என்று ஒன்று. தொற்றுநோய்களைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டாக்கலாம் என்று 1757இல் ஒன்று. களித்துகளிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டார். இயற்கையில் ஒவ்வோர் உயிரும் மற்றொன்றுக்கு உணவாகி, ஒன்றின் பெருக்கத்தை இன்னொன்று தடுத்து ஒரு சமநிலையைக் காக்கிறது என்று 1749இல் ஒன்று.

அதே 1749இல் வந்த இன்னோர் ஆய்வுதான் உம்மும்மாவுக்கு மிகவும் பிடித்தது. சுவீடனின் கால்நடைகள் எந்தெந்தச் செடியைத் தின்னும், எதைத் தின்னாது என்று மாணவர்கள் மாடு, ஆடு, செம்மறி, குதிரை, பன்றி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு செடியாக நீட்டிப் பார்த்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகள். ஆடு 449 செடிகளைத் தின்றது, 126ஐத் தொடவில்லை. மாடு 276ஐத் தின்று 218ஐ ஒதுக்கியது. இப்போது ஒரு சங்கடம் வந்தது. அக்காலத்தில் ஒரு செடியின் பெயர் என்பது பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட இலத்தீன் வாக்கியம். ஒரு கையில் குறிப்பேடும் மறுகையில் ஆட்டின் கயிறுமாக நிற்கிற மாணவன் அதை எப்படி எழுதுவான்? ஆகவே சாதிப் பெயரோடு ஒரேயொரு சொல்லை மட்டும் சேர்த்துச் சுருக்கி எழுதினார்கள். செடிகளுக்கு இருசொற் பெயரைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்திய முதல் எழுத்துகளில் இந்த ஆட்டுக் கணக்கும் ஒன்று. நான்கு வருடங்களின் பின் 1753இல் வந்த ஸ்பீசீஸ் பிளான்டாரம் நூலில் அதே முறையில் ஏறத்தாழ 6000 தாவரங்களுக்குப் பெயர் வைத்தார். ஆடு தொடாத எங்கள் செடியும் அதிலே இருக்கிறது. சாதிப் பெயர் ஜஸ்டிஸ் என்ற ஸ்கொட்லாந்துத் தோட்டக்காரரைக் குறிக்கிறது. இனப் பெயர் எங்களுடையது.

எங்கள் செடிகள் அவரிடம் எப்படிப் போயின? இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், 1672இல், போல் ஹெர்மன் என்ற ஜேர்மன் வைத்தியர் கம்பனியின் வேலையில் இங்கு வந்தார். சில வருடங்கள் கொழும்பைச் சுற்றிச் செடிகளைச் சேர்த்து, காயவைத்து ஒட்டி, இங்குள்ள பெயர்களையும் பக்கத்தில் எழுதிவைத்தார். பின்னர் லெய்டனில் பேராசிரியரானார், 1695இல் இறந்தார். அந்தத் தொகுப்பு எங்கேயென்று பல காலம் தெரியவில்லை. கடைசியில் டென்மார்க் அரச மருந்தாளர் குந்தர் என்பவரின் கைக்கு அது வந்து சேர, அவர் இனங்காணும்படி லின்னேயஸுக்கு அனுப்பினார். வருடக்கணக்காக உலர்ந்து நிறம் மங்கிய பூக்களை எடுத்துக் கேசரங்களை எண்ணினார் லின்னேயஸ். 1747இல் புளோரா சைலானிக்கா வெளிவந்தது. அவர் இலங்கைக்கு வரவேயில்லை. ஐரோப்பாவை விட்டே ஒருநாளும் வெளியேறவில்லை. ஹெர்மனின் அந்தத் தொகுப்பு இப்போது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை வாசித்தபோது எனக்குச் சற்றுக் கோபமும் வந்தது. ஹெர்மனுக்கு அந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் யார்? ஒவ்வொரு செடியையும் காட்டி, இது காய்ச்சலுக்கு, இது வயிற்றுக்கு என்று யாரோ ஒரு நாட்டு வைத்தியர், யாரோ ஒரு வயதான பெண் சொல்லியிருக்க வேண்டும். ஹெர்மனின் பெயர் இருக்கிறது, குந்தரின் பெயர் இருக்கிறது, லின்னேயஸுக்கு ஒவ்வொரு செடியின் பின்னாலும் ஓர் எழுத்து இருக்கிறது. சொன்னவர்களின் பெயர் எந்த நூலிலும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் அவரை முற்றாகக் குறைசொல்லவும் முடியாது. எங்கள் ஊர்க் களப்போரம் சேற்றுக்கு மேலே விரல்கள்போல மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும் கண்ணா மரங்களைப் பார்த்திருப்பீர்கள். இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலையால் வெளியே தள்ளும் மரம் அது. அவற்றில் ஒரு சாதிக்கு லின்னேயஸ் அவிசேனியா என்று பெயரிட்டார். அது அல்கானூன் என்ற மாபெரும் வைத்திய நூலை எழுதிய இப்னு ஸீனாவின் பெயர். எங்கள் தேசிய மரமான நாக மரத்தின் சாதிப் பெயர் மெசுவா. பக்தாதில் வைத்தியம் செய்த யூஹன்னா இப்னு மாஸவைஹை நினைத்து வைத்தது. கற்பிட்டிக்கோ மட்டக்களப்புக்கோ போகும் வழியில் தினமும் பார்க்கும் மரத்துக்குள் இப்னு ஸீனா இருக்கிறார் என்பது எனக்கு உயர்தரம் படிக்கும் வரை தெரியாது.

யானையின் கதையையும் சொல்ல வேண்டும். 1758இல் ஆசிய யானைக்கு எலிபஸ் மெக்சிமஸ் என்று பெயரிட்ட லின்னேயஸ், அதன் இருப்பிடம் இலங்கை என்று எழுதினார். அவர் ஆதாரமாகக் கொண்டவற்றுள் ஒன்று போத்தலில் மதுசாரத்தில் மிதந்த ஒரு யானைக் கரு. 2013இல் கோப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று அந்தக் கருவின் மரபுப் பொருளையும் புரதத்தையும் சோதித்தபோது அது ஆபிரிக்க யானை என்று தெரியவந்தது. அப்படியானால் ஆசிய யானைக்கு அடையாள மாதிரி எது? லின்னேயஸ் குறிப்பிட்டிருந்த இன்னொரு சான்றைத் தேடிப்போனால், அது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருக்கும் ஓர் எலும்புக்கூடு. ஹான்ஸ்கன் என்ற பெண் யானையினுடையது. இலங்கையில் பிறந்து, ஒல்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டு, ஊர் ஊராக வித்தை காட்ட நடத்தப்பட்டு, ரெம்பிரான்ட்டால் வரையப்பட்டு, 1655இல் புளோரன்ஸில் விழுந்து இறந்த யானை. இன்று உலகத்து ஆசிய யானைகள் எல்லாவற்றுக்கும் பெயரைத் தாங்கி நிற்பது அவள்தான்.

அதே 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதனுக்கும் ஹோமோ சேப்பியன்ஸ் என்று பெயரிட்டு, குரங்குகளோடு ஒரே வருணத்தில் வைத்தார். அத்தோடு நின்றிருக்கலாம். மனிதரைக் கண்டம் வாரியாக நான்காகப் பிரித்து, தோல் நிறத்தோடு குணத்தையும் எழுதினார். ஐரோப்பியருக்குக் கூர்மையும் சட்டமும்; ஆசியருக்குக் கர்வமும் பேராசையும்; ஆபிரிக்கருக்குச் சோம்பலும் தந்திரமும். லாப்லாந்து மக்களோடு தங்கி உண்டவர், மாட்டின் சாவுக்குக் காரணம் காணப் புல்வெளி முழுவதும் நடந்தவர், இதை மட்டும் நடந்து பார்க்காமல் எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு செய்த அநியாயம் கொஞ்சமல்ல. எங்கள் பாடப்புத்தகத்தில் வருணம், சாதி என்ற சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் நினைவுக்கு வரும்.

அவருடைய மாணவர்கள் உலகமெங்கும் போனார்கள். கப்பலில் ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. முதலில் போன டார்ன்ஸ்ட்ரோம் 1746இல் வியட்நாமுக்கு அருகில் ஒரு தீவில் காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்ட அவருடைய மனைவி லின்னேயஸையே குற்றஞ்சாட்டினார். அதன்பின் மணமாகாதவர்களை மட்டும் அனுப்பினார். அறபு மொழியைக் கற்று, எகிப்திலும் யெமனிலும் செடிகளைச் சேர்த்து, அவற்றின் அறபுப் பெயர்களையும் கவனமாகக் குறித்துவைத்த போர்ஸ்கோல் 1763இல் யெமனில் மலேரியாவால் மாண்டார். ஆசிரியர் தன் முதல் ஆய்வில் காரணம் தேடிய அதே நோய். நுளம்புதான் மலேரியாவைக் காவுகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டது 1897இல். மலேரியாவுக்கு முதல் மருந்தைத் தந்த மரத்துக்கு சின்கோனா என்று பெயரிட்டவர் லின்னேயஸ். இன்றைய மருந்தான ஆர்டெமிசினினைத் தரும் செடியான ஆர்டெமிசியா அனுவாவுக்குப் பின்னாலும் அதே எல்தான் நிற்கிறது. அந்த மருந்தைப் பிரித்தெடுத்த சீனப் பெண் விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மறு வருடம் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி அவருடைய மகள்மார். பிழைத்த ஐந்து பிள்ளைகளில் ஒருவர் மகன், நால்வர் பெண்கள். தகப்பனின் பெயரையே கொண்ட மகன் 18 வயதில் தோட்டத்தில் கற்பிக்க நியமிக்கப்பட்டார். 1763இல் தகப்பனுக்குப் பின் அந்தப் பேராசிரியர் பதவி அவருக்கே என்று முடிவாயிற்று. பெண்பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடமே வேண்டாமென்பது லின்னேயஸின் கொள்கை. வீட்டு வேலை தெரிந்தால் போதுமாம். தாய் ஒரு மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவர் திருப்பி அழைத்துக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உலகத்தின் எல்லாக் கரைகளுக்கும் பையன்களை அனுப்பிய மனிதர்.

மூத்த மகள் எலிசபெத் கிறிஸ்டினா. குடும்பத்துக்கு உப்சாலாவுக்கு வெளியே ஹம்மர்பி என்ற இடத்தில் ஒரு தோட்ட வீடு இருந்தது. கோடைகால அந்திகளில் அங்கே நின்ற நஸ்டேர்சியம் பூக்கள், செம்மஞ்சள் நிறமானவை, இருள் சூழும் நேரத்தில் மின்னுவதுபோலப் பளிச்சிடுவதை அவள் கண்டாள். ஒருநாள் கண்டுவிட்டு விடவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்து, பிறருக்கும் காட்டி, எழுதினாள். 1762இல் சுவீடிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் அது வெளிவந்தது. அந்த ஏடு இலத்தீனில் அல்ல, சுவீடிய மொழியில் வந்தது. இலத்தீன் கற்பிக்கப்படாத ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு கதவாவது திறந்திருந்தது. அப்போது அவளுக்கு வயது 19.

இரண்டு வருடத்தில் திருமணம். அது நல்லபடியாக அமையவில்லை. சில வருடங்களில் தாய் வீட்டுக்கே திரும்பி வந்தாள். 1782இல், 38 வயதில் இறந்தாள். வேறெதையும் அவள் வெளியிடவில்லை.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது வாப்பாவும் திண்ணையில் இருந்தார். பெறுபேறு வந்து தூரத்துப் பல்கலைக்கழகம் கிடைத்தால் என்னை அனுப்புவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் அந்த நாட்களில் முடிந்தபாடில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

லின்னேயஸின் கடைசிக் காலம் துயரமானது. 1774இலும் பின்னரும் வந்த பாரிசவாதத்தால் நடையும் பேச்சும் நினைவும் போயின. தன் புத்தகங்களை ஆசையோடு புரட்டுவாராம். ஆனால் அவை தான் எழுதியவை என்று அவருக்குத் தெரியவில்லை. தன் பெயரையே மறந்து தடுமாறினார் என்கிறார்கள். 1778 ஜனவரி 10ஆம் திகதி உப்சாலாவில் இறந்தார். அன்று அவருடைய மாணவர் துன்பெர்க் இங்கே, இலங்கையில், செடி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் காகிதத்தில் மட்டும் கண்ட நாட்டை மாணவர் கண்ணால் கண்டார்.

மகனும் 1783இல் இறந்துவிட, செடிகளும் பூச்சிகளும் நூல்களும் கடிதங்களும் விதவைத் தாயிடம் வந்தன. மகள்மாரின் வாழ்வுக்குப் பணம் வேண்டும். அவர்களுக்கென்று வேறு வழி எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. 1784இல் எல்லாவற்றையும் ஸ்மித் என்ற ஆங்கிலேய இளைஞருக்கு விற்றார். சுவீடனின் பெருமை கப்பலேறி இலண்டனுக்குப் போயிற்று. அதைச் சுற்றி 1788இல் அமைந்த லின்னியன் சங்கம், 1904இல்தான் பெண்களை உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது.

கதை முடிந்ததும் உம்மும்மா ஒரேயொரு கேள்வி கேட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர் அவர். அந்தப் பிள்ளை கண்ட பூ உண்மையாகவே வெளிச்சம் கொடுத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். 1914இல் ஜேர்மனியைச் சேர்ந்த தோமஸ் என்ற பேராசிரியர் அதை விளக்கினார். ஒளி பூவிலிருந்து வரவில்லை. செம்மஞ்சள் பூவும் பச்சை இலையும் அருகருகே இருக்க, அந்திக் கருக்கலில் எங்கள் கண்ணிலுள்ள கூம்புக் கலங்கள் ஓய்ந்து கோல் கலங்கள் வேலை தொடங்கும் வேளையில், பார்வை அசையும்போது பளிச்சென்று தோன்றுகிறது. நேரே உற்றுப் பார்த்தால் தெரியாது, கடைக்கண்ணில்தான் தெரியும். அப்படியென்றால் அவள் கண்டது பொய்யில்லையே என்றார் உம்மும்மா. பொய்யில்லை என்றேன்.

அட்டையில் எழுத இன்னும் இடமிருந்தது. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதன்கீழ், பெயரும் பயனும் சொன்னவர் என்று புதிதாக ஒரு வரி சேர்த்து உம்மும்மாவின் முழுப்பெயரையும் எழுதினேன். திருத்தி வந்த அட்டையில் அந்த வரிக்குப் புள்ளி எதுவும் இடப்பட்டிருக்கவில்லை. வெட்டப்பட்டிருக்கவும் இல்லை.